18 ஏக்கர் நிலமும் கொடிமலையும்

பினாங்கில் நம்மவர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கப்பலில் தொடங்குவார்கள். பாக்கு, மிளகு, கைலி என்று கதை வளரும். இந்தப் பொன்விழா மலரில் நாம் நிலத்திலிருந்து தொடங்குகிறோம். கப்பல்கள் போய்விட்டன, நிலம் இன்னும் இருக்கிறது. அதுவும் முழுதாக இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்த செய்தி.

1801ஆம் ஆண்டு, துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் காலத்தில், பள்ளிவாசலுக்கும் மையவாடிக்கும் என 18 ஏக்கர் நிலம் முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்டது. அன்று நம்மவருக்குத் தலைவராக, கப்பித்தானாக இருந்தவர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் மரைக்காயர். சூலியா தெருவின் தென்புறம் அமைந்த அந்த நிலத்தில் எழுந்ததே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவுக்கும் அந்நாளைய வரைபடங்களில் மலபார் தெரு என்றே பெயர். கப்பித்தான் அவர்கள் 1834இல் மறைந்தார்கள். கம்போங் கோலத்தில் அவர்களது அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

வக்ஃபு நிலத்தை விற்கக் கூடாது, வாரிசுகளுக்குப் பங்கிடவும் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆனாலும் காலப்போக்கில் அந்த நிலத்தில் வீடுகளும் கடைகளும் நெருக்கியடித்து எழுந்தன. பொறுப்பாளர்களிடையே பூசல்கள் வந்தன. 1905இல் காலனி அரசு முகம்மதிய, இந்து அறக்கொடைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, நிர்வாகத்தை ஒரு வாரியத்திடம் ஒப்படைத்தது. பள்ளிவாசலைச் சுற்றியிருந்த நெரிசல் அகற்றப்பட்டது. கட்டடக் கலைஞர் நியூப்ரோனரின் வடிவமைப்பில் பள்ளிவாசல் இன்றைய மொகலாயத் தோற்றத்தைப் பெற்றது. அழகு கூடியதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலத்தைக் காக்க வந்த ஏற்பாட்டில், அந்த நிலத்திலேயே குடியிருந்தவர்களின் குரலுக்கு இடம் குறைவாகவே இருந்தது என்பது நம் கருத்து. 18 ஏக்கரில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான்.

குடியிருப்போரின் குரல் ஊரறிய ஒலித்தது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, கொடிமலை விவகாரத்தில். 1923 முதல் மலை ரயிலில் ஏறி, மேலே குளிர்காற்று வாங்கிவிட்டு, கட்டுச்சோறு உண்டு இறங்காத குடும்பம் நம்மில் ஏது? அந்த மலையில் ஹோட்டல்களும் அடுக்குமாடி வீடுகளும் கோல்ஃப் திடலும் அமைக்க 1990இல் ஒரு பெருந்திட்டம் வந்தது. மலைக்காடு தீவின் நீர்ப்பிடிப்புப் பகுதி. சரிவில் மரத்தை வெட்டினால் மண் அரித்து, கீழே உள்ள ஊருக்குள் வெள்ளம் வரும். இதை விளக்கிப் பல அமைப்புகள் ஒன்றுகூடி, 'கொடிமலை நண்பர்கள்' என்று ஊர் மக்களிடம் கையெழுத்துத் திரட்டின. திட்டம் கைவிடப்பட்டது. 2021இல் அதே மலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது.

அந்த அணியில் முன்னின்றது பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவர் மர்ஹூம் எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் அவர்கள் நம்மவர், வணிகர், முன்னாள் நகராட்சி உறுப்பினர். வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக அவர்களை அறியாத பினாங்குவாசி இல்லை. 2019 மே மாதம் தமது 92ஆம் வயதில் மறையும்வரை, மலைக்காகவும் கடற்கரைக்காகவும் மீனவர்க்காகவும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடை வைத்திருப்பவனுக்கு ஊர்ப் பிரச்சினை எதற்கு என்று கேட்போர் நம்மிடையே அன்றும் இருந்தனர், இன்றும் உண்டு. அவர்களது வாழ்க்கையே அதற்குப் பதில்.

மலை பிழைத்தது, கடைவீடுகளுக்கு அந்த நற்பேறு முழுமையாகக் கிட்டவில்லை. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் நாளில் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. சொற்ப வாடகையில் கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியவில்லை என்ற உரிமையாளர்களின் முறையீட்டிலும் நியாயம் இருந்தது. ஆனால் கீழே கடை, மேலே குடும்பம் என்று தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் ஒரேயடியாக உயர்ந்த வாடகையைத் தாங்க முடியாமல் வெளியேறினர். கடைத்தெருவிலும் கிடங்குத் தெருவிலும் அஞ்சடியில் ஒலித்த பேச்சு குறைந்தது. மனிதர் போன வீடுகள் சிலவற்றில் கூடு கட்ட உழவாரக் குருவிகள் குடியேற்றப்பட்டன. குருவிக்கூட்டுக்கு நல்ல விலை!

2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை போன்றோர் 1980களிலிருந்தே செய்துவந்த வேலைக்குப் பலன் அது. மை காய்வதற்குள் சோதனை வந்தது. முன்பே அனுமதி பெற்ற நான்கு ஹோட்டல் திட்டங்கள் 18 மீட்டர் உயர வரம்பை மீறியிருந்தன. யுனெஸ்கோ குழு 2009இல் நேரில் வந்து பார்த்தது. சில கட்டடங்களின் உயரம் குறைக்கப்பட்டது. அன்று 18 ஏக்கர், இன்று 18 மீட்டர் என்று நம்மில் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

உயரத்தைச் சட்டம் அளந்துவிடும். நாகூர் தர்காவின் ஓரத்தில் சொங்கோக் தைப்பவர் அங்கேயே இருப்பாரா, காசு மாற்றும் கடைக்காரரின் மகன் தொழிலைத் தொடர்வானா என்பதை அது கவனிப்பதில்லை. எனவே நம் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். சூலியா தெருப் பகுதியில் உங்கள் பெரியவர்கள் வைத்திருந்த கடையின் வாடகைச் சீட்டு, பழைய படம், வக்ஃபுப் பத்திரத்தின் நகல் எது இருந்தாலும் சங்க அலுவலகத்திற்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உடனே திருப்பித் தருகிறோம். எந்தக் கடை, எந்த எண், எந்த ஆண்டு வரை என்று பின்னால் எழுதித் தந்தால் இன்னும் நல்லது.