நான்கு தட ரிசீவர்

ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் அடங்கி, நான்கு ஸ்பீக்கர்களைத் தனித்தனியே இயக்கும் வீட்டு ஒலிக்கருவி நான்கு தட ரிசீவர். கேட்பவருக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. 'குவாட்ரபோனிக்' என்ற பெயரில் 1970களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்ற இந்தக் கருவி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கடைகளிலிருந்து மறைந்தது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல ஒலிப்பதிவு முறைகளுக்கு ஒரே பெட்டியில் இடம் கொடுக்க வேண்டியிருந்ததால் இதன் உள்கட்டு மிகச் சிக்கலானது. இன்று பழைய ரிசீவரை வாங்கித் துடைத்து ஓட்ட முனைபவரின் தொல்லைகளில் பாதி, அன்றைய கம்பெனிகளின் போட்டி விட்டுச்சென்றவை.

முன்வரலாறு

பல திசைகளிலிருந்து ஒலியைக் கேட்கச் செய்யும் முயற்சி வீட்டுக்கு வருமுன் அரங்கில் தொடங்கியது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன், 1960இல் அரங்கேறிய 'கொண்டாக்டே'வுக்காகச் சுழலும் மேசை ஒன்றில் ஸ்பீக்கரை வைத்து, சுற்றிலும் நான்கு மைக்குகளை நிறுத்தி நான்கு தட நாடாவில் பதிவு செய்தார். 1967 மே மாதம் லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் பிங்க் ஃபிளாய்ட் குழு, 'அசிமத் கோ-ஆர்டினேட்டர்' என்ற கருவியின் கைப்பிடியைத் திருப்பி ஒலியை அரங்கைச் சுற்றி ஓடவிட்டது.

கடைக்கு முதலில் வந்தவை நாடாக்களே. அமெரிக்காவின் வான்கார்ட் கம்பெனி 1969இல் நான்கு தட ஸ்பூல் நாடாக்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. தன் எட்டுத் தட கார்ட்ரிட்ஜை நான்கு தடத்துக்கு மாற்றியது. சாதாரண எட்டுத் தட நாடாவில் இரண்டிரண்டு தடமாக நான்கு பகுதிகள் இருக்கும்; புதியதில் நான்கு நான்காக இரண்டே பகுதிகள். அதே பாட்டுக்கு இரு மடங்கு நாடா தேவைப்பட்டது.

இசைத்தட்டில் மூன்று வழிகள்

உண்மையான சந்தை இசைத்தட்டில் இருந்தது. ஆனால் தட்டின் பள்ளத்துக்குச் சுவர்கள் இரண்டுதான். ஸ்டீரியோவே அவை இரண்டையும் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்ச இரண்டு தடங்களை எங்கே ஒளித்துவைப்பது?

பீட்டர் ஷைபர் என்ற அமெரிக்க பஸூன் கலைஞர் ஒரு வழி சொன்னார். நான்கு தடங்களைக் கணக்குப்படி இரண்டாகக் கலந்து தட்டில் பதிவது, வீட்டில் டீகோடர் மூலம் மீண்டும் நான்காகப் பிரிப்பது என்பது அவருடைய 'மேட்ரிக்ஸ்' முறை. இந்த வழியில் சி.பி.எஸ். ஆய்வகத்தின் பெஞ்சமின் பாயர் உருவாக்கிய எஸ்.க்யூ. முறையும், ஜப்பானின் சான்சுயி உருவாக்கிய க்யூ.எஸ். முறையும் 1971 வாக்கில் சந்தைக்கு வந்தன. தட்டைச் சாதாரண ஸ்டீரியோவிலும் போட்டுக் கேட்கலாம் என்பது மேட்ரிக்ஸின் பலம். பிரிக்கும்போது ஒரு தடத்தின் ஒலி இன்னொன்றில் கசிவது பலவீனம். எளிய எஸ்.க்யூ. டீகோடரில் முன்பக்க இடமும் வலமும் நன்றாகப் பிரியும். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 3 டெசிபல் அளவுதான். எந்தத் திசை ஒலி ஓங்கியிருக்கிறதோ அதைக் கவனித்து, மற்ற தடங்களின் கசிவை நொடிக்கு நொடி அடக்கும் 'லாஜிக்' சுற்றுகள் பிறகு வந்தன. அந்த வகையில் சான்சுயியின் 'வேரியோமேட்ரிக்ஸ்' இன்றும் மதிக்கப்படுகிறது.

மூன்றாவது வழி ஜே.வி.சி.யின் சி.டி.-4. இதில் கலப்படம் இல்லை. பள்ளத்தின் ஒவ்வொரு சுவரிலும் முன், பின் தடங்களின் கூட்டல் வழக்கமான ஒலியாகப் பதியும். அவற்றின் கழித்தல், காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையின் மேல் ஏறும். இரண்டையும் வைத்து ரிசீவர் நான்கு தடங்களையும் மீட்டெடுத்துவிடும். ஆனால் அன்றைய ஊசிகள் அவ்வளவு உயர்ந்த அதிர்வைத் தொட முடியாமல் திணறின. ஜே.வி.சி.யின் நோரியோ ஷிபாட்டா இதற்காகவே புதிய வடிவில் ஊசி முனை ஒன்றைச் செதுக்கினார். பள்ளச் சுவரோடு கூடுதல் பரப்பில் ஒட்டியதால் தட்டும் குறைவாகத் தேய்ந்தது. நான்கு தடம் போய்விட்டது. 'ஷிபாட்டா' ஊசி உயர்ரக கார்ட்ரிட்ஜ்களில் இன்றும் விற்கிறது.

கருவிகள்

எந்த முறை வெல்லும் என்று தெரியாத நிலையில் ரிசீவர் செய்தவர்கள் எல்லாவற்றையும் உள்ளே திணித்தார்கள். பயனியர் க்யூ.எக்ஸ்.-949, சான்சுயி க்யூ.ஆர்.எக்ஸ். வரிசை, மராண்ட்ஸ் 4000 வரிசை ஆகியவை இந்தக் காலத்தின் அடையாளங்கள். சான்சுயியின் உச்ச மாடலான க்யூ.ஆர்.எக்ஸ்.-9001 தடத்துக்கு 60 வாட் கொடுத்தது. மராண்ட்ஸ் 4400இன் முகப்பில் சிறிய ஆஸிலாஸ்கோப் திரையே இருந்தது; பாட்டு ஓடும்போது நான்கு தடங்களின் ஒலியும் அதில் பச்சைக் கோடுகளாக நெளியும். அதன் எஸ்.க்யூ. டீகோடர் தனித் துண்டாக, பெட்டியின் அடியில் செருகும்படி விற்கப்பட்டது. மேட்ரிக்ஸ் நுட்பம் மாறினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது யோசனை. இத்தகைய பெரிய மாடல்கள் 20 கிலோவைத் தாண்டும்.

பல ரிசீவர்களில் நான்கு ஆம்ப்ளிஃபையர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, கூடுதல் சக்தியுள்ள ஸ்டீரியோவாக மாற்றும் சுவிட்சும் உண்டு. வாங்குபவருக்கு இருந்த சந்தேகத்தைப் போக்க வைத்த வசதி அது.

வீழ்ச்சி

அந்தச் சந்தேகம் நியாயமானதே. சி.பி.எஸ்., ஈ.எம்.ஐ. தட்டுகளுக்கு எஸ்.க்யூ.; ஆர்.சி.ஏ., வார்னர் தட்டுகளுக்கு சி.டி.-4. பிடித்த பாடகர் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனியின் முறைக்கு ரிசீவரும் ஒத்துவர வேண்டும். நான்கு ஸ்பீக்கருக்கு இடமும் ஒயரும் வேண்டும். சி.டி.-4 கேட்கச் சரியான ஊசி, குறைந்த கெபாசிட்டன்ஸ் உள்ள ஒயர், முன்-பின் பிரிப்பைச் சரிசெய்யும் திருகு என்று ஒவ்வொன்றும் பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் உச்ச ஒலிகளில் மணல் அரைபடுவதுபோல் சத்தம் வரும். கடைக்காரர்களே சரியாகப் போட்டுக்காட்டத் தடுமாறினர். 1970களின் பிற்பாதியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

நுட்பம் மட்டும் திரையரங்குக்குக் குடிபெயர்ந்தது. நான்கு தடங்களை இரண்டில் அடக்கும் மேட்ரிக்ஸ் முறையே டால்பி ஸ்டீரியோவுக்கும் பிறகு வீட்டு டால்பி சரவுண்டுக்கும் அடிப்படை. குவாட்ரபோனிக் டீகோடர்களில் பெயர் பெற்ற ஜிம் ஃபாஸ்கேட்தான் பிற்பாடு டால்பி ப்ரோ லாஜிக் 2ஐ உருவாக்கினார்.

வாங்குதலும் துப்புரவும்

கிடப்பில் கிடந்த ரிசீவரை வாங்கிய கையோடு பிளக்கில் செருகக் கூடாது. ரிப்பேர்காரர்கள் முதலில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்வழியில் சீரிஸாக இணைப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே பெரிய பழுதில்லை. முழு ஒளியோடு எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியே அதை வடித்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும்.

தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, ஊதி எடுப்பது எளிது. டயல் கண்ணாடியில் கவனம் தேவை. அலைவரிசை எண்கள் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆல்கஹால் தொட்ட துணியால் அந்தப் பக்கம் துடைத்தால் எண்கள் துணியோடு வந்துவிடும்.

கடினமான பகுதி சுவிட்சுகள். வெள்ளி பூசிய தொடுமுனைகள் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்து, ஒரு தடம் வருவதும் போவதுமாக இருக்கும். ஸ்டீரியோவில் ஒரு தேர்வு சுவிட்ச் இரண்டு தடங்களைத்தான் சுமக்கும். இங்கே எஸ்.க்யூ., க்யூ.எஸ்., சி.டி.-4, தனி நான்கு தடம், ஸ்டீரியோ என்ற ஒவ்வொரு நிலையிலும் நான்கு தடங்கள் மாற வேண்டியிருப்பதால், ஒரே தண்டில் அடுக்கடுக்காகத் தொடுமுனைகள் வரிசைகட்டும். குமிழைக் கழற்றி முன்னாலிருந்து கிளீனரை அடித்தால் அது உள்ளே எட்டாது. மூடியைத் திறந்து, ஒவ்வொரு அடுக்கின் இடுக்கிலும் மெல்லிய குழாயால் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு செலுத்தி, குமிழை முழுவீச்சில் இருபது முப்பது முறை திருப்ப வேண்டும். வால்யூமுக்கும் டோனுக்கும் கார்பன் தடத்துக்கென்று தனியாக வரும் கிளீனரே நல்லது. துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்தால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து, குமிழ் திரும்பும் அந்த வழவழப்பு போய்விடும். ஒரே அச்சில் நான்கு தடமுள்ள வால்யூமுக்கு மாற்று உதிரி கிடைப்பது அரிது என்பதால், இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

உதிரிகளைப் பிடித்துவைக்க அன்று ஊற்றிய பழுப்புப் பசையும் ஒரு வில்லன். சான்சுயிகளில் அதிகம் காணப்படும் இது, வயதானதும் ஈரத்தை இழுத்து உதிரிகளின் கால்களை அரிக்கும்; மின்சாரத்தையும் கசியவிடும். சுரண்டி எடுத்துவிட்டு, அரிபட்டவற்றை மாற்ற வேண்டும். 2எஸ்.சி.458 போன்ற சில டிரான்சிஸ்டர்கள் கால் கறுத்து, ஒலியில் 'படபட'வென்று வெடிக்கும். ஸ்பீக்கர் ரிலேயின் கரிந்த முனைகள், வற்றிய கெபாசிட்டர்கள், மங்கிய டயல் பல்புகள் எல்லாம் வரிசையில் அடுத்தவை. கடைசியாக ஆம்ப்ளிஃபையரின் டி.சி. ஆஃப்செட்டையும் பயாஸையும் மீட்டர் வைத்து அளந்து திருத்த வேண்டும். ஸ்டீரியோவில் இரண்டு முறை செய்வதை இங்கே நான்கு முறை.

இந்தியாவுக்கு வரவழைப்பவர் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மாடலுக்கு 120 வோல்ட், ஜப்பான் உள்நாட்டு மாடலுக்கு 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். வெளிநாட்டு விற்பனைக்கென்று வோல்ட்டேஜ் மாற்றும் வசதியோடு வந்தவையும் உண்டு. மற்றவற்றுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஜப்பான் உள்நாட்டு மாடலின் பண்பலை 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் நம் தனியார் நிலையங்கள் அதில் எடுபடாது.

இன்றைய பயன்பாடு

நாடாவுக்காகப் பின்புறம் வைத்த நான்கு இணைப்புத் துளைகளே இப்போது கருவிக்கு வாழ்வு தருகின்றன. பல தட அனலாக் வெளியீடு உள்ள டி.வி.டி., எஸ்.ஏ.சி.டி., புளூ-ரே பிளேயரை அவற்றில் நேராக இணைக்கலாம், டீகோடரே தேவையில்லை. போட்டுக் கேட்கச் சரக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் 1973இல் கலந்த, பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் நான்கு தட வடிவம் 2011ஆம் ஆண்டுப் பெட்டித் தொகுப்பில் இடம்பெற்றது. ரைனோ கம்பெனி 2016இல் ஷிகாகோ குழுவின் பழைய நான்கு தட ஆல்பங்களை 'குவாடியோ' என்ற பெயரில் புளூ-ரே தட்டுகளாக வெளியிட்டது. பழைய எஸ்.க்யூ., க்யூ.எஸ். தட்டுகளை வைத்திருப்பவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் இன்வால்வ் ஆடியோ 'சரவுண்ட் மாஸ்டர்' என்ற புதிய டீகோடரைச் செய்து விற்கிறது. அதன் வெளியீட்டையும் அதே நான்கு துளைகளில்தான் செருகுகிறார்கள்.