ஒடு, இருந்து, பற்றி: மருத்துவப் பணியாளர் உடன்பயிற்சியின் சொல்வழி வரலாறு

மருத்துவர், தாதியர், மருந்தாளர், இயன்முறை மருத்துவர் எனப் பிற்காலத்தில் ஒரே நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நிற்கப்போகும் மாணவர்கள், படிக்கும் காலத்திலேயே ஒருவரோடு ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரைப் பற்றி ஒருவரும் கற்க வேண்டும் என்னும் கருத்து இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1988இல் இதுகுறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010இல் விரிவானதொரு செயற்சட்டகத்தையும் அளித்தது. கல்வியாளர்கள் இதில் பாடத்திட்டத்தைக் காண்பர். இலக்கணம் பயின்ற நம் கண்ணுக்கு முதலிற் புலப்படுவன ஒடு, இருந்து, பற்றி என்னும் மூன்று சிறு சொற்களே. இவற்றுள் எது வரலாற்றில் வாய்த்தது, எது வாய்க்கவில்லை என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் 'ஒடு'. இருவர் ஒரு வினையைச் சேர்ந்து செய்யும்போது, ஒடு என்னும் உருபு உயர்ந்தவர் பெயரையே சாரும் என்று தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் விதித்தார். 'ஆசிரியரோடு மாணவர் வந்தார்' என்பது நமக்கு இயல்பாக ஒலிக்கிறது. 'மருத்துவரோடு தாதி வந்தார்' என்பதும் அவ்வாறே. மாற்றிச் சொல்லிப் பாருங்கள். செவி சற்றே தயங்கும். உடன் வருதல் என்னும் எளிய செயலுக்குள்ளும் யார் பெரியவர் என்ற கணக்கு இருக்கிறது. 'சேர்ந்து கற்போம்' என்று அழைப்பவர், அக்கணக்கையும் தம்மோடு வகுப்பறைக்குள் அழைத்து வருகிறார்.

தமிழுக்குள் வேறொரு கணக்கும் உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதிக் குறளில், அதாவது 950ஆம் குறளில், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் அருகிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவன். இந்நான்கையும் வள்ளுவர் 'ஒடு'வால் இணைக்கவில்லை; 'என்று' என்னும் எண்ணிடைச் சொல்லால் நிரல்பட எண்ணுகிறார். எண்ணலில் ஒன்றின் கீழ் மற்றொன்று இல்லை. வடமொழி ஆயுர்வேத நூலான சரக சங்கிதையும் நான்கு பாதங்களைச் சொல்வதுண்டு. அங்கே மருத்துவர் முதலில் நிற்க, நோயாளி கடைசியில் வருகிறார். குறளில் நோயாளியே முதல்வர். ஒப்பிலக்கியம் பயிலும் மாணவர் எவரேனும் இவ்வரிசை வேற்றுமையை ஆராய்ந்தால் நாம் மகிழ்வோம்.

இனி, பணிப்பெயர்களுக்கு வருவோம். நம் நாட்டில் 'தாதி' என்கிறோம். தமிழ்நாட்டில் 'செவிலியர்' என்கின்றனர். இரண்டுமே பிள்ளை வளர்க்கும் தாயைக் குறித்த பழஞ்சொற்கள். அவற்றில் அன்பு தொனிக்கிறது; கல்வி தொனிக்கவில்லை. மருத்துவருக்கும் தாதிக்கும் இடையே நின்ற ஆடவர்க்கு ஊருக்கொரு பெயர். தமிழ்நாட்டில் அவர் கம்பவுண்டர், இலங்கையில் அப்போதிக்கரி, நம் தோட்டங்களில் டிரெசர். மருந்து கலப்பவர், மருந்து விற்பவர், புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பவையே இவற்றின் மூலப்பொருள். ஒவ்வொரு பெயரும் ஒரு மனிதரின் முழு அறிவையும் அவர் கைத்தொழில் ஒன்றுக்குள் அடக்கிவிட்டது.

இப்பெயர்களுள் இரண்டு ஒரே கூரையின் கீழ் அமர்ந்து படித்த இடம் சென்னை. 1835 பிப்ரவரியில் அங்கே தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளி, அப்போதிக்கரிகளையும் சுதேச டிரெசர்களையும் பயிற்றுவிக்கவே எழுந்தது. 1850இல் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. மதராசில் பயின்ற அப்போதிக்கரிகள் பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நீரிணைக் குடியேற்றங்களின் மருத்துவமனைகளுக்கும் வந்தனர். பின்னர் நம் பகுதிக்கென்றே ஒரு பள்ளி அமைந்தது. தான் ஜியாக் கிம் தலைமையில் 1904இல் மக்கள் விண்ணப்பம் அளித்து, 87,000 வெள்ளிக்கு மேல் திரட்டித் தந்ததன் பயனாக, 1905 ஜூலை 3ஆம் நாள் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. முதலணி மாணவர் 23 பேர். அவருள் 16 பேர் மருத்துவப் படிப்பிலும், 7 பேர் மருத்துவமனை உதவியாளர் படிப்பிலும் சேர்ந்தனர். நுழைவாயில் ஒன்று, வெளியேறும்போது பட்டமும் பதவியும் வேறு. 'ஒடு' அங்கே நிறைவேறியது. 'இருந்து' நிறைவேறியதா? பதினாறு பேர் அந்த ஏழு பேரிடமிருந்து எதையேனும் கற்க வேண்டும் என்று எவரும் கருதியதாக அப்படிப்பின் அமைப்பில் அடையாளம் இல்லை.

தோட்டத்து டிரெசரை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய டாக்டர் குறித்த நாளில் வந்து போவார். எஞ்சிய நாள்களில் காய்ச்சல் பார்ப்பவரும், கலவை மருந்து ஊற்றித் தருபவரும், வெட்டுக்காயம் கட்டுபவரும், பதிவேடு எழுதுபவரும் டிரெசர் ஒருவரே. இன்று நான்கு கல்லூரிகளில் நான்கு பட்டங்களாகப் பிரிந்து கிடப்பதை அவர் ஓர் அறைக்குள் செய்தார். லயத்து வீடுகளில் யார் எதை உண்டார், எதை மறைத்தார் என்பது அவருக்குத் தெரியும். அவ்வறிவு பாடமாக எந்தக் கல்லூரிக்கும் போய்ச் சேரவில்லை.

'இருந்து' ஓரளவு வாய்த்த ஓர் இடத்தைச் சொல்ல யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குச் செல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைச்சல். மொழிபெயர்ப்பில் அவருடைய மாணவர்களே துணைநின்றனர் என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உடற்கூற்றியலில் மாணவருக்கு அவர் ஆசிரியர். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயர் காணும்போது அவருக்கு மாணவர் ஆசிரியர். கலைச்சொல்லாக்க வரலாற்றில் கிறீனை மட்டும் புகழ்ந்து மாணவரை அடிக்குறிப்பாக்கும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று.

மீண்டும் நம் தீவுக்கு வருவோம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972இல் நாட்டின் முதல் மருந்தியல் படிப்பை மிண்டன் வளாகத்தில் தொடங்கிற்று. 1979இல் மருத்துவப் பள்ளியும் அதே தீவில் அமைந்தது. ஆனால் 1983 முதல் மருத்துவப் பள்ளி படிப்படியாகக் கிளந்தானின் குபாங் கிரியானுக்குப் பெயர்ந்தது; மருந்தியல் இங்கேயே தங்கிற்று. ஒரே பல்கலைக்கழகத்தின் மருந்தாளர் மாணவரும் மருத்துவ மாணவரும் தீபகற்பத்தின் இரு கரைகளில் நின்றனர். அதற்கு வேறு காரணங்கள் இருந்தன. குறை கூறுவது நம் நோக்கமன்று. 1996இல் ஜாலான் சிப்பாய் லைன்ஸில், பொது மருத்துவமனையை அடுத்து, ஒரு மருத்துவக் கல்லூரி எழுந்தது. 1905இல் சிங்கப்பூர்ப் பள்ளி எழுந்த பகுதியின் பெயரும் சிப்பாய் லைன்ஸ் என்பதே. இந்தியச் சிப்பாய்களின் பாசறை நிலம் இரண்டு ஊர்களிலும் மருத்துவக் கல்விக்கு இடமளித்திருப்பது ஒரு சுவையான தற்செயல்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மருத்துவமனையில் நம் தமக்கையாரின் கட்டிலருகே நாம் இருக்க நேர்ந்தது. "மயக்கமா வருது" என்றார் அவர். தமிழறியாத பயிற்சி மருத்துவருக்கு ஒருவர் அதனை மொழிபெயர்த்துச் சொல்ல, 'நினைவிழந்தார்' என்று குறிப்பேட்டில் ஏறிற்று. தமிழில் மயக்கம் என்பது நினைவிழப்பையும் குறிக்கும், தலைசுற்றலையும் குறிக்கும். தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு உதவியாளரான தமிழ்ப் பெண்மணி நிமிர்ந்து, "அக்கா விழலைங்க, தலைதான் சுத்துது, காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார். பயிற்சித் தாதி அதைக் கேட்டார். அவர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் ஏட்டைப் பார்த்தார். அன்று முழுதும் நினைவிழப்புக்கான சோதனைகள் நடந்தன. மாலையில் ஒரு குவளை மைலோவும் இரண்டு ரொட்டியும் உண்டபின் தமக்கையார் எழுந்து அமர்ந்தார். அப்பெண்மணி சொன்ன சொற்கள் எந்த ஏட்டிலும் இல்லை. நமக்கு நினைவிருப்பதால் இங்கே பதிவாகின்றன.