பதினான்காம் ஆண்டில் மூடிய கதவு

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, அந்தப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இளமையைக் கழித்தவர்கள் நம்மில் ஏராளம். அந்த அலுவலகம் முதலில் நமக்காகத் திறக்கப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், படையிலிருந்து விடுவிக்கப்படுபவர்களுக்கு வேலை தேடித் தர அன்றைய ஆங்கிலேய அரசு உருவாக்கிய ஏற்பாடு அது. 1948இல்தான் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. படையிலிருந்து திரும்பும் ஆண் ஒரு குடும்பத்தைத் தாங்குபவன், அவனுக்குப் பிழைப்புக்கு வழிசெய்வது அரசின் பொறுப்பு என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது.

அதே போரில் பெண்களும் பணியாற்றினார்கள். 1942இல் தொடங்கப்பட்ட பெண்கள் துணைப்படையில் எழுத்தர்களாக, தொலைபேசி இயக்குபவர்களாக, வாகன ஓட்டிகளாக ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். 1947இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. விடுதலை பெற்ற நாடு இயற்றிய 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டம், அதன் 12ஆம் பிரிவில், அரசு தனியே அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்கள் சேர முடியாது என்றது. மருத்துவமும் செவிலியர் பணியும் மட்டும் திறந்திருந்தன. காயத்துக்குக் கட்டுப்போடும் கை பெண்ணுடையதாக இருக்கலாம், கட்டளையிடும் குரல் பெண்ணுடையதாக இருக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1992இல், அந்த அறிவிப்பு வந்தது. சட்டம், கல்வி, அஞ்சல், தளவாடம், வழங்கல் முதலான பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாகச் சேரலாம், ஆனால் ஐந்தாண்டுகளுக்கு மட்டும். சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி பெற்ற முதல் அணியின் இருபத்தைந்து பெண்கள் 1993 மார்ச்சில் பணியேற்றனர். பெண்களையும் சேர்க்கும்படி தளபதிக்கே கடிதம் எழுதிய பிரியா ஜிங்கன் அவர்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்த பயிற்சி எண் 001. அவரும் பத்தாண்டுப் பணிக்குப் பிறகு மேஜராக வெளியேறினார்.

ஐந்து ஆண்டு என்ற கணக்கைக் கவனியுங்கள். பட்டம் முடித்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்வரை ஒரு வேலை என்று நம் வீடுகளில் போடும் அதே கணக்குதான் அது. ஐந்து பின்னர் பத்தானது, 2006 வாக்கில் பதினான்கானது. குறுகியகாலப் பணியில் சேர்ந்த ஆண், நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வாகாமலும் போகலாம். பெண்ணுக்கு விண்ணப்பிக்கும் வழியே கிடையாது. 2008இல் சட்டம், கல்வி ஆகிய இரண்டு பிரிவுகளில் மட்டும் அந்த வழி திறந்தது.

பதினான்கு ஏன் கொடுமையான எண் என்பது சம்பளக் கணக்கைப் பார்த்தால் புரியும். அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க இருபது ஆண்டுப் பணி வேண்டும். பதின்மூன்று ஆண்டு முடித்தவர் லெப்டினன்ட் கர்னல் ஆகலாம். ஏழாவது ஊதியக்குழுவின்படி அந்தப் பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் 1,21,200 ரூபாய். படைப்பணி ஊதியம் 15,500. இந்த இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி என்று கணக்கிட்டாலே மாதம் 68,350 ரூபாய் ஓய்வூதியம் வரும். பதினான்காம் ஆண்டில் வெளியேறுபவருக்குப் பணிக்கொடை உண்டு, இந்த மாத வருமானம் இல்லை. 2019வரை முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்திலும் அவருக்கு இடமில்லை.

இருபத்து மூன்றில் சேர்ந்தவர் முப்பத்தேழில் வெளியே நிற்கிறார். குடிமைப் பணித் தேர்வு எழுதலாமே என்பீர்கள். குறுகியகால அதிகாரிகளுக்கு அதில் ஐந்து ஆண்டு வயதுத் தளர்வு உண்டு. பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 32. ஐந்தைக் கூட்டினால் 37. கதவு அடைபடும் நேரத்துக்குச் சரியாகத்தான் அவரை வெளியே அனுப்புகிறார்கள். முன்னாள் படையினருக்கான மத்திய அரசு இடஒதுக்கீடு பெரும்பாலும் கீழ்நிலைப் பணிகளில். எஞ்சியது தனியார்துறை. அதற்காக, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் மேலாண்மைக் கழகங்களில் ஏறத்தாழ ஆறுமாதப் பயிற்சி தருகிறது. மனிதவளம், நிர்வாகம், சரக்குப் போக்குவரத்து ஆகிய துறைகளில் வேலை கிடைக்கிறது. ஆனால் பதினான்கு ஆண்டுக் கட்டளைப் பொறுப்பை நிறுவனம் கேட்கும் மொழியில் எழுதிக்காட்டும் வேலையை, தன்னைவிட இளையவர்களோடு வரிசையில் நின்று அவரே செய்ய வேண்டும். இடமாற்றங்களுக்கு இடையில் பிள்ளை வளர்த்த கதையையும் நேர்காணலில் சொல்லியாக வேண்டும்.

2003இல் வழக்கறிஞர் பபிதா புனியா டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, பதினேழு ஆண்டு நடந்து 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. படைவீரர்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள், பெண்ணின் தலைமையை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அரசு வாதிட்டது. நீதிமன்றம் அதை நிராகரித்தது. பெண்களுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும், பதினான்கு ஆண்டைக் கடந்தும் நிரந்தரப் பணி கிடைக்காதவர்கள் இருபது ஆண்டு நிறைவு செய்து ஓய்வூதியம் பெறலாம் என்றது.

அடுத்த தடை தேர்வுமுறையில் வந்தது. பெண்களின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளை, இவர்களுக்குப் பதவி உயர்வா வரப்போகிறது என்ற அலட்சியத்தோடு மேலதிகாரிகள் எழுதியிருந்தார்கள். அதே அறிக்கைகளைக் கொண்டே பெண்களின் தகுதி அளக்கப்பட்டது. ஆண்கள் ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில் எதிர்கொண்ட உடல்தகுதிச் சோதனையை, பெண்கள் நாற்பதைக் கடந்து எதிர்கொண்டார்கள். 2021 மார்ச் 25 அன்று, லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில், இது மறைமுகப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்ற சொல்லுக்குள் அநீதி எப்படி ஒளிந்துகொள்ளும் என்று மாணவிகளுக்கு விளக்க, இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

நம் புறப்பாடல்களில் மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் போற்ற மூதின்முல்லை என்றொரு துறை உண்டு. தானே படைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்குத் துறை கிடையாது. 2020க்கு முன்பே சீருடையைக் கழற்றிவிட்டுப் போனவர்கள் அப்படித்தான் பெயரற்றுப் போனார்கள். தீர்ப்பு, அன்று பணியில் இருந்தவர்களுக்கானது. அவர்களுக்குக் கதவைத் திறந்தது, முன்னே போனவர்களின் பதினான்கு ஆண்டு உழைப்பும்தான்.

இன்று தேசியப் பாதுகாப்புக் கழகத்திலும் பெண்கள் பயில்கிறார்கள். ஆனாலும் குறுகியகாலப் பணி இருக்கிறது, அதன் விளம்பரங்களும் வருகின்றன. என் மாணவிகளில் யாராவது விண்ணப்பத்தோடு வந்தால் நான் வாழ்த்துவேன். அதோடு மூன்று கேள்விகளையும் கேட்கச் சொல்வேன். எத்தனை ஆண்டு? நிரந்தரப் பணிக்கு வழி உண்டா? வெளியே வரும்போது என்ன தருவீர்கள்? தேசபக்தியைச் சந்தேகிக்கும் கேள்விகள் அல்ல இவை. வேலைக்குப் போகும் எந்த ஆணும் கூச்சமின்றிக் கேட்பவை.