சேர்வராயன் மலையும் செவிநல வரலாறும்

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டின் அடையாளங்களுள் ஒன்று மான்ட்போர்ட் பள்ளி. 1917இல் தொடங்கப்பட்ட இப்பள்ளியை நடத்துவது தூய கபிரியேல் சபை எனப்படும் கத்தோலிக்க அருட்சகோதரர் சபை. பெயர்பெற்ற உறைவிடப் பள்ளி என்ற அளவிலேயே பலரும் இதை அறிவர். இச்சபையின் வேர்களுள் ஒன்று பிரான்சு நாட்டின் காது கேளாதோர் பள்ளிகளில் இருக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சபையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான கபிரியேல் தேஹே (1767–1841) என்ற பாதிரியார், ஓரே என்னும் ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி ஏற்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பிரான்சில் இத்தகைய பள்ளிகள் பலவற்றைச் சபை சகோதரர்கள் நடத்தினர். தமிழ்நாட்டிலும் அப்பணி தொடர்ந்தது. சென்னை அடையாறில் உள்ள தூய லூயி காது கேளாதோர், பார்வையற்றோர் நிலையம் 1962இல் இதே சபையால் தொடங்கப்பட்டதுதான். ஆக, மலைமேல் கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கடலோர நகரத்தில் கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி.

இந்தியாவில் காது கேளாமை நெடுங்காலம் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாகவே இருந்தது. மருத்துவமனைக்கு அதில் பெரிய பங்கு கிடையாது. 1885இல் பம்பாயிலும் 1893இல் கல்கத்தாவிலும் காது கேளாதோர் பள்ளிகள் தோன்றின. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கிலேய மறைப்பணியாளர் 1890களில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. மருத்துவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லாத நோய்க்கு ஆசிரியரே மருந்து என்ற நிலை. பிறவியிலேயே கேளாத குழந்தையை ஊரில் 'ஊமை' என்றார்கள். அக்குழந்தையின் நாவிலும் தொண்டையிலும் பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லை. கேட்காத மொழியை எப்படிப் பேசும்?

காதின் வெளியே தொடங்கிய அறுவை

காது அறுவையில் இந்தியாவுக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. காது குத்துதலையும், அறுந்த காது மடலை ஒட்டும் 15 முறைகளையும் சுசுருத சம்கிதை விவரிக்கிறது. தென் மாவட்டங்களில் பாம்படம் அணிந்து காது வளர்த்த பாட்டிமார்களை நினைத்துக்கொண்டால், அறுந்த மடலை ஒட்டும் கலைக்கு ஏன் இவ்வளவு தேவை இருந்தது என்பது புரியும். ஆயினும் அது காதின் வெளிப்புறத்து வேலை. கேட்கும் உறுப்போ, உடலின் மிகக் கடினமான எலும்புகளுள் ஒன்றான பொட்டெலும்புக்குள் புதைந்திருக்கிறது. அருகிலேயே முகநரம்பு ஓடுகிறது, மேலே மூளை. கை சற்றே பிசகினால் முகம் ஒரு பக்கம் கோணிவிடும். வெறுங்கண்ணால் அங்கே சீழை வெளியேற்றி உயிரைக் காப்பாற்றலாமே தவிர, கேட்கும் திறனைத் திருப்பித் தருவது அரிது.

உருப்பெருக்கி வந்த பிறகே நிலைமை மாறியது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் நைலேன் 1921இல் காது அறுவைக்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். 1953இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் வெளியிட்ட அறுவை நுண்ணோக்கி உலகெங்கும் பரவியது. அதே பத்தாண்டில் ஜெர்மானியர்களான வுல்ஸ்டைனும் ஸோல்னரும் கிழிந்த செவிப்பறையைச் சீரமைக்கும் முறையை வகுத்தனர். 1956இல் அமெரிக்காவின் ஜான் ஷே, இறுகிப்போன அங்கவடி எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கைத் துண்டை வைத்துக் கேட்கச் செய்தார். அங்கவடி நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு, அரிசி மணியை விடச் சிறியது.

இந்த அறுவைகள் எல்லாம் நடுச்செவிக் குறைகளுக்கானவை. தமிழக ஊர்ப்புறங்களில் அதிகம் தேவைப்பட்டவையும் இவையே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஊரகப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகளில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு மேல் கேட்கும் திறன் குறைந்திருந்தது தெரியவந்தது. நடுச்செவி அழற்சியும் காதை அடைத்துக்கொண்ட குறும்பியும் சாதாரணமாகக் காணப்பட்டன. சளி பிடித்த குழந்தைக்கு மூக்கிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல் அடைபடும். சீழ் கோத்துச் செவிப்பறையைத் துளைக்கும். வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். அரித்தால் கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி. துளையுள்ள காதில் ஊற்றும் எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் போய்விடும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை.

காதில் சீழ் வடியும் பிள்ளை வகுப்பில் கடைசி வரிசைக்குத் தானாகவே போய்விடும். நாற்றத்துக்குப் பயந்து மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். கடைசி வரிசையில் இன்னும் கேட்காது. 'கவனமில்லை' என்று மதிப்பெண் அட்டையில் எழுதப்படும். நான் பி.எட். படித்த காலத்தில் காது கேளாமை பற்றி ஒரு வகுப்புகூட நடந்ததில்லை. வகுப்பறைக்கு வந்த பிறகே இதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டியிருந்தது.

புல்லும் சங்கும்

உட்செவியின் கதை வேறு. அங்கே நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பு இருக்கிறது. ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் உள்வரிசை மயிரணுக்கள் அதில் சுமார் 3,500 மட்டுமே. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எவ்வளவு உரக்கக் கத்தினாலும், எவ்வளவு விலையுயர்ந்த காது கேட்கும் கருவியை மாட்டினாலும் முழுப் பயன் கிடைக்காது. அணுக்களைத் தாண்டி நரம்பையே நேராக மின்சாரத்தால் தூண்டினால் என்ன என்ற எண்ணத்தை 1957இல் பாரிசில் ஜூர்னோ, எய்ரியே என்ற இருவர் செய்து பார்த்தனர். 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் தொடர்ந்தார். ஒற்றை மின்முனை கொண்ட அவரது கருவியால் ஒலி இருக்கிறது என்று தெரிந்தது, சொல் புரியவில்லை.

சொல் புரிய வேண்டுமானால் பல மின்முனைகள் வேண்டும். அவற்றைச் சுருளுக்குள் ஆழமாகச் செலுத்தவும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் இதில்தான் சிக்கிக்கொண்டிருந்தார். 1977இல் விடுமுறைக்குக் கடற்கரை சென்றவர், கையில் கிடைத்த சங்குக்குள் புல்லின் தண்டைச் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்து வளைந்தும் அடி தடித்து விறைத்தும் இருந்த புல் சுருளுக்குள் எளிதாக ஏறியது. மின்முனைக் கம்பியை அப்படியே அமைத்தார். 1978 ஆகஸ்டு முதல் நாள் மெல்போர்னில் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். கிளார்க்கின் தந்தை காது மந்தமான மருந்துக் கடைக்காரர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கடைக்கு வருபவர்களை உரக்கப் பேசச்சொல்லிக் கேட்ட தந்தையைப் பார்த்தே அவர் வளர்ந்தார்.

அறுவை இப்படி நடக்கிறது. காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைத் துளைப்பானால் குடைந்து, முகநரம்புக்கும் சுவைநரம்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி வழியாக உட்செவியை அடைகிறார்கள். மின்முனைக் கம்பியைச் செலுத்தித் தோலுக்கடியில் ஏற்பியை வைத்துத் தைக்கிறார்கள். சில வாரங்கள் கழித்துப் புறக்கருவியைக் காந்தத்தால் ஒட்டி இயக்குகிறார்கள். அன்று குழந்தை கேட்பது சொல் அன்று. அதுவரை அறியாத ஏதோ ஓர் ஓசை. பல குழந்தைகள் அழுதுவிடும்.

இந்தியாவில் 1990களில் இவ்வறுவை பரவத் தொடங்கியபோது சென்னை அதன் மையங்களுள் ஒன்றாயிற்று. சென்னை காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவிய மோகன் காமேஸ்வரன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 2006இல் பத்மஸ்ரீ பெற்றார். செவிநரம்பே உருவாகாத குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் நேராக மின்முனை பதிக்கும் அறுவையையும் அவரது குழுவினர் செய்தனர். ஆனால் கருவியின் விலை பல லட்சம் ரூபாய். நகையையும் நிலத்தையும் விற்கக்கூடியவர்களுக்கே அது கைக்கெட்டியது. தமிழ்நாடு அரசு 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதன் இடத்துக்கு வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் 6 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வறுவையைக் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்தன. ஆட்சி மாறியும் கைவிடப்படாத திட்டம் இது. தமிழக வரலாற்றில் இது சிறிய செய்தி அன்று.

பிறவிக் காது கேளாமை தமிழகத்தில் ஏன் கவனத்துக்கு வந்தது என்பதற்கு நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கத்தையும் மருத்துவர்கள் சுட்டுகிறார்கள். கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் இந்தியரிடம் மிகுதியாகக் காணப்படுவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. 226 அமினோ அமிலங்கள் நீளமுள்ள அப்புரதம் 24ஆம் இடத்திலேயே நின்றுபோகிறது. தாய் தந்தை இருவரும் இம்மாற்றத்தின் ஒரு படியைச் சுமந்து, நன்றாகக் கேட்பவர்களாகவே இருப்பார்கள். நான்கில் ஒரு குழந்தைக்குக் கேளாமை வரும் வாய்ப்பு உண்டு. மாமன் மகளை மணப்பதால் மட்டுமே இது வருவதாக ஊரில் பேசுவது சரியன்று. தாய்க்கு வந்த ரூபெல்லா, குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் காரணங்கள்.

வயது என்னும் எல்லை

திட்டம் 6 வயது என்று சொன்னாலும் மூளை அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. ஓசை வராத கேட்புப் பகுதியை மூளை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. முதல் மூன்றரை ஆண்டுக்குள் ஓசை சென்றால் நல்ல பலன். பிந்தப் பிந்தப் பலன் குறையும். பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலக அளவில் பின்பற்றப்படும் விதி. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து, உட்செவி எழுப்பும் எதிரொலியை அளக்கும் கருவி இதற்கு உதவுகிறது. அந்த எதிரொலியை 1978இல் கண்டவர் லண்டனின் டேவிட் கெம்ப். மத்திய அரசின் காது கேளாமைத் தடுப்புத் தேசியத் திட்டம் 2007இல் 25 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2013 முதல் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பார்க்கின்றன.

சேர்வராயன் மலையை இங்கேதான் எண்ணிப் பார்க்கவேண்டும். ஏற்காடு நகரத்திலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நகரத்துக்கு அப்பால் காப்பித் தோட்டங்களைத் தாண்டி மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன (பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணவேண்டாம், இவர்கள் தமிழ் பேசுபவர்கள்). இங்கே ஒரு குழந்தைக்குக் கேட்கவில்லை என்பது, ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று தாய் கவலைப்படும்போதுதான் தெரியவரும். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று பாட்டி சொன்னால் இன்னும் ஓராண்டு போய்விடும். மூன்றரை ஆண்டில் பாதிக்கு மேல் இப்படியே கரைகிறது. கருவி இலவசம், அறுவை இலவசம். காலம் மட்டும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

அறுவைக்குப் பிறகும் வழி நீளமானது. ஓசையைச் சொல்லாக்க ஓராண்டுக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சி தேவை. வாரத்துக்கு ஒரு முறை மலையிறங்கி வருவதென்றால் தாய்க்கு அந்த நாள் கூலி இல்லை. வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் இதற்கு ஒரு வழி தேடினர். ஊருக்கே வண்டியை அனுப்பி, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகப் பச்சிளங் குழந்தையின் செவிநரம்புச் சோதனையைத் தொலைவிலிருந்து நடத்திக்காட்டி, 2013இல் அதை ஆய்வாக வெளியிட்டனர். மலைப்பகுதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இப்போதைக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கருவி பொருத்தியதும் சைகை மொழி வேண்டாம் என்ற கருத்தும் உண்டு. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, கேளாதோர் பள்ளிகளில் சைகையைத் தவிர்த்து வாய்மொழியையே கற்பிக்கத் தீர்மானித்தது. அந்நிழல் நூறாண்டு நீடித்தது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா போன்ற வாய்மொழிப் பள்ளிகள் சிறு குழந்தைகளிடம் அருமையான பலன் கண்டவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குளிக்கும்போதும் உறங்கும்போதும் புறக்கருவியைப் பெரும்பாலும் கழற்றிவைக்க நேரும். அப்போது குழந்தை மீண்டும் ஓசையற்ற உலகத்தில்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சைகை மொழிக்கு இடம் தந்துள்ளது.

மழைக்காலத்தில் ஏற்காட்டின் மூடுபனி பார்வைக்கு அழகு. கேட்கும் கருவிகளுக்கு அதுவே பகை. ஈரம் புகுந்தால் ஒலிவாங்கி அடைபடும், இணைப்புக் கம்பி துருப்பிடிக்கும். இரவில் கழற்றியதும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குருணை போட்ட டப்பாவில் மூடி வைக்கவேண்டும். குருணை நிறம் மாறினால் காயவைக்கவோ மாற்றவோ வேண்டும். பேட்டரி, கம்பி, காந்தச் சுருள் எல்லாம் தேயும் பொருள்கள். உள்ளே வைத்தது பல பத்தாண்டு நிற்கும். புறக்கருவியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற நேரும், அதன் விலையும் லட்சங்களில்தான். கம்பி ஒன்று அறுந்து, புதியது வந்து சேரும் வரை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் பேசுவது எதுவும் கேட்காது. அந்த நாள்களில் அப்பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, முகம் பார்த்துப் பேசி, சொல்வதைக் கரும்பலகையிலும் எழுதவேண்டும்.