பிளாஸ்டிக் புழு (தூண்டில் இரை)

வட அமெரிக்க நன்னீர் ஏரிகளில் பெருவாய் பாஸ் மீனைத் தூண்டிலில் பிடிக்கப் பயன்படும் மென்மையான செயற்கை இரை. ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரைச் சேர்ந்த நிக் கிரீம் 1949-ல் மண்புழுவை மாதிரியாகக் கொண்டு பிளாஸ்டிக் புழுவை வார்த்தார். திரவ வினைல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சில் ஊற்றிச் செய்வது இன்றும் பொதுவான முறை. சிலவற்றில் உப்பைக் கலப்பதுண்டு. அது எடையைக் கூட்டி, புழுவை வேகமாக மூழ்கச் செய்கிறது.

புழுவைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது நிறமல்ல, அளவும் வாலும்தான். கடைகளில் கொட்டிக் கிடக்கும் நிறங்களில் பல மீனவரைக் கவரவே உண்டானவை. நீர் குளிர்ந்து மீன் சோம்பியிருக்கையில் 4 முதல் 6 அங்குல நேர்வால் புழு பொருந்தும். கோடையில், பாசி அடர்ந்த இடங்களில், 10 அங்குல, நாடா போன்ற வால் கொண்ட புழு நல்லது. இழுக்கும்போது அதன் வால் நெளிந்து நீரில் அதிர்வெழுப்பும். தெளிந்த நீருக்குப் பச்சை, பழுப்புச் சாயல்கள். கலங்கலுக்குக் கறுப்பு, கருநீலம். இது பொது வழக்கு, விதியல்ல.

புழுவைத் தூண்டில் முள்ளில் பூட்டும் முறையும் தேர்வைத் தீர்மானிக்கும். டெக்சாஸ் முறையில் தோட்டா வடிவ ஈயக்குண்டு முன்னே நிற்க, முள்ளின் கூர் புழுவின் உடலுக்குள் மறைவதால் பாசியிலும் கட்டையிலும் எளிதில் சிக்காது. நடுவில் முள் குத்தும் வாக்கி முறைக்குத் தடித்த, வாலற்ற குச்சிப்புழு ஏற்றது. இந்தப் பிளாஸ்டிக் எளிதில் மட்காது. அதனால் கிழிந்த புழுவை ஏரியில் எறியாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.