ஃபார்முலா 1 ரேஸ் போரடிக்குதா? விதிகளில் எதை மாத்தணும், எதைத் தொடவே கூடாது?

2024-ல் மொனாக்கோவில் நடந்த ஃபார்முலா 1 ரேஸை முதல் சுற்றோடு நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தால், நீங்கள் பெரிதாக எதையும் இழந்திருக்க மாட்டீர்கள். எந்த வரிசையில் கிளம்பினார்களோ, அதே வரிசையில் முதல் 10 பேரும் ரேஸை முடித்தார்கள். ஃபார்முலா 1 வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. முதல் சுற்றிலேயே பெரிய விபத்து, ரேஸ் நிறுத்தம். அந்த இடைவெளியில் எல்லோரும் டயரை மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் பிட்டுக்குள் வரவேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. 78 சுற்றும் ஊர்வலம்தான்!

அடுத்த வருஷமே எஃப்.ஐ.ஏ ஒரு விதி போட்டது. மொனாக்கோவில் குறைந்தது மூன்று செட் டயர் பயன்படுத்தணும், அதாவது இரண்டு முறை கட்டாயம் நிறுத்தணும். நல்ல ஐடியா மாதிரிதானே தெரியுது? ஆனால் டீம்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கார் வேண்டுமென்றே மெதுவாகப் போய்ப் பின்னால் வருபவர்களை எல்லாம் மறித்துக்கொள்ளும். அதற்குள் அதே டீமின் இன்னொரு கார் நிம்மதியாக டயர் மாற்றிவிட்டு, இடம் இழக்காமல் திரும்பிவிடும். ரேஸிங் புல்ஸ், வில்லியம்ஸ் இரண்டு டீமுமே இதைச் செய்தன. கடுப்பான ஜார்ஜ் ரஸல், முன்னால் போன வில்லியம்ஸைத் தாண்டக் குறுக்கே புகுந்து போய்த் தண்டனை வாங்கிக்கொண்டார். முதல் நான்கு இடங்கள்? கிளம்பிய வரிசைதான்.

விதியை மாற்றி விறுவிறுப்பு கொண்டுவர முடியுமா என்று கேட்பவர்கள் இந்த இரண்டு வருஷக் கதையை முதலில் தெரிஞ்சுக்கணும். பிரச்னை டயரில் இல்லை. கார் பெரிது, ரோடு சின்னது, முந்த இடமில்லை.

மற்ற டிராக்குகளிலும் ஏன் முந்த முடியவில்லை? நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் பைக்கில் போயிருக்கிறீர்களா? காற்று உங்களைப் போட்டு உலுக்கும். ஃபார்முலா 1 காருக்கும் அதே கதிதான். வளைவில் காரைத் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது காற்றுதான். முன்னால் போகும் கார் அந்தக் காற்றைக் கலைத்துவிட்டால், பின்னால் வரும் காரின் பிடிமானம் போய்விடும், டயரும் சீக்கிரம் சூடாகிவிடும். பழைய கார்கள் முன்னால் போகும் காருக்கு 10 மீட்டர் பின்னால் வந்தாலே 46 சதவிகித அழுத்தத்தை இழந்தன என்பது ஃபார்முலா 1 நிர்வாகமே சொன்ன கணக்கு. 2022-ல் காரின் அடிப்பகுதியை மாற்றி வடிவமைத்தபோது அதை 18 சதவிகிதமாகக் குறைத்தார்கள். முதல் வருஷம் பலன் நன்றாகவே தெரிந்தது. ஆனால் டீம்கள் தங்கள் காரின் வேகத்தைக் கூட்டக் கூட்ட, கலங்கிய காற்றும் மெல்லத் திரும்பி வந்துவிட்டது.

அதுவரை கைகொடுத்தது டி.ஆர்.எஸ். முன்னால் போகும் காருக்கு ஒரு விநாடிக்குள் இருந்தால் பின் இறக்கையைத் திறந்து வேகம் எடுக்கலாம் என்ற 2011-ம் ஆண்டு ஏற்பாடு. நேர்ச்சாலையில் ஒருவர் கதவைத் திறந்து இன்னொருவரைப் போகவிடுவது போன்ற ஓவர்டேக் எனக்கு ஒருநாளும் ரசித்ததில்லை. 2026 விதிகளில் டி.ஆர்.எஸ் போய்விட்டது. அதற்குப் பதில், நெருங்கி வருபவருக்குக் கூடுதல் மின்சக்தி. எப்போது செலவழிப்பது என்பது டிரைவரின் சாமர்த்தியம். காரின் அகலம் 2 மீட்டரிலிருந்து 1.9 மீட்டராக, எடையும் சுமார் 30 கிலோ குறைந்திருக்கிறது. சரியான திசைதான். என்னைக் கேட்டால் இன்னும் குறைக்கணும்.

இதற்கு நேர்மாறான ஐடியாக்களும் உண்டு. 2014-ல் கடைசி ரேஸுக்கு மட்டும் இரட்டைப் புள்ளி. அந்த ஒரே ரேஸுக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறு வருஷம் தூக்கிவிட்டார்கள். 2016-ல் தகுதிச் சுற்றில் ஒவ்வொருவராக வெளியேற்றும் முறை வந்தது. கடைசி நிமிஷங்களில் டிராக்கே காலி. இரண்டே ரேஸில் மூடுவிழா. செயற்கை மழை பெய்ய வைக்கலாம் என்றுகூட 2011-ல் பெர்னி எக்கல்ஸ்டோன் சொன்னார், நல்லவேளை யாரும் பைப்பைத் திறக்கவில்லை.

2005-ல் ரேஸ் நடுவே டயர் மாற்றவே கூடாது என்றார்கள். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர்கள் தாங்காது எனத் தெரிந்ததும், விதியும் வளைந்துகொடுக்காததால் 14 கார்கள் கிளம்பும் முன்பே விலகின. ஓடியது 6 கார்கள்தான். அந்த ரேஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தவர் நம்ம நரேன் கார்த்திகேயன்! ஃபார்முலா 1-ல் புள்ளி எடுத்த முதல் இந்தியர். நமக்குப் பெருமைதான், டிக்கெட் வாங்கிப் போனவர்களுக்குக் கொடுமை.

ரேஸ் நடுவே பெட்ரோல் போடுவதைத் திரும்பக் கொண்டுவாங்க என்று இன்னமும் பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். 1994 முதல் 2009 வரை இருந்த அந்த முறையில், டிராக்கில் மோதி முந்துவதைவிட பிட்டில் முந்துவதே லாபம் என்று டிரைவர்கள் காத்துக்கிடந்தார்கள். 1994 ஜெர்மனி ரேஸில் பெட்ரோல் சிதறி யோஸ் வெர்ஸ்டப்பனின் கார் தீப்பிடித்ததை மறந்துவிட முடியுமா? இன்றைய மேக்ஸ் வெர்ஸ்டப்பனின் அப்பா அவர்.

சரி, உருப்படியாக வேலை செய்த விதி எது? யாரும் கைதட்டாத ஒன்று. 2021-ல் டீம்களின் செலவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கூடவே, காற்றுச் சுரங்கத்தில் காரைச் சோதிக்கும் நேரத்தையும் தரவரிசைப்படி பிரித்தார்கள். முதலிடத்து டீமுக்கு 70 சதவிகிதம், 10-வது டீமுக்கு 115 சதவிகிதம். ஜெயிப்பவனுக்கு ஹோம்வொர்க் நேரம் குறைவு, அவ்வளவுதான். ரேஸ் நடக்கும்போது யாருடைய உழைப்பையும் இது பறிப்பதில்லை. 2023-ல் 22 ரேஸில் 21-ஐ ரெட் புல் ஜெயித்தது. 2024-ல் ஏழு வெவ்வேறு டிரைவர்கள் ஜெயித்தார்கள். 2025-ல் கடைசி ரேஸ்வரை இழுத்து, வெறும் 2 புள்ளியில் லாண்டோ நோரிஸ் சாம்பியன். எல்லாமே இந்த விதியால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதன் பங்கு பெரிது.

அடுத்து என்ன செய்யலாம்? முதலில் பிட் ஸ்டாப்பைக் கட்டாயமாக்காமல் மலிவாக்கணும். டயர் மாற்றப் போனால் பல டிராக்குகளில் 20 விநாடி காலி, அதனால்தான் ஒரே ஒரு ஸ்டாப்போடு ஒப்பேற்றுகிறார்கள். பிட் பாதையில் வேகவரம்பைக் கொஞ்சம் கூட்டினால், இரண்டாவது ஸ்டாப் லாபமா நஷ்டமா என்று டீம்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். 2025 நெதர்லாந்து ரேஸில் இந்த வரம்பை 60 கிலோமீட்டரிலிருந்து 80 ஆக்கினார்கள். பாதையின் அகலமும் பாதுகாப்பும் இடம்கொடுக்கும் மற்ற டிராக்குகளிலும் செய்து பார்க்கலாம்.

இரண்டாவது, சனிக்கிழமை ஸ்பிரின்ட். 100 கிலோமீட்டர் குட்டி ரேஸ், ஜெயித்தால் 8 புள்ளி. இப்போது இது ஞாயிறு ரேஸின் டிரெய்லர் மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே வரிசையைத் தலைகீழாக வைக்கலாம். ஃபார்முலா 2-ல் தகுதிச் சுற்றின் முதல் 10 பேரை இப்படித் திருப்பித்தான் ஸ்பிரின்ட் நடக்கிறது. 2020-ல் ஃபார்முலா 1-லும் இந்தப் பேச்சு வந்தது, மெர்சிடீஸ் எதிர்த்ததால் நின்றுபோனது.

முன்னால் நிற்பதற்காக யாராவது வேண்டுமென்றே மெதுவாக ஓட்ட மாட்டார்களா என்பது நியாயமான சந்தேகம். அதனால் தகுதிச் சுற்றை விட்டுவிட்டு, சாம்பியன்ஷிப் பட்டியலைத் தலைகீழாக்கணும். சனிக்கிழமை 8 புள்ளிக்காக ஞாயிற்றுக்கிழமை 25 புள்ளியை யாரும் கோட்டை விடமாட்டார்கள். ஞாயிறு ரேஸில் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே வேகமானவர் முன்னால் நிற்கட்டும்.