சீனியும் வால்வும் ஒரே இருதயத்தில்

எங்கட ஊரில் ஒருவருக்குச் சீனியும் இருந்து வால்வு வருத்தமும் இருந்தால் இரண்டு கிளினிக், இரண்டு கொப்பி. வைத்திய வரலாறும் நீண்டகாலம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்த்தது.

1922 ஜனவரியில் டொரொண்டோவில் 14 வயது லியனார்ட் தொம்சனுக்கு இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் அந்த வயதில் சீனி வந்தால் மௌத்துதான். இன்சுலினுக்குப் பிறகு ஆட்கள் பல வருடம் வாழ்ந்தார்கள். அப்படி வாழ்ந்தபோதுதான் சீனி இருதயத்தை என்ன செய்கிறது என்பது தெரியவந்தது.

வால்வின் கதை வேறு. 1960இல் ஒரிகனில் அல்பர்ட் ஸ்டார் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளரோடு சேர்ந்து செய்த செயற்கை வால்வைப் பொருத்தினார். சின்னக் கூட்டுக்குள் ஒரு பந்து, அவ்வளவுதான். (எட்வர்ட்ஸ் முழு இருதயமே செய்யத்தான் வந்தவர். முதலில் வால்வைச் செய்வோம் என்றது ஸ்டார்.)

1972இல் ரப்ளர் என்பவரின் குழு, இருதயம் செயலிழந்த 4 சீனி நோயாளிகளைப் பற்றி எழுதியது. அவர்களுக்குப் பிரஷர் இல்லை, வால்வும் பழுதில்லை. ஆனால் இருதயத் தசை கெட்டிருந்தது. 1974இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வும் அதையே காட்டியது: சீனி உள்ள ஆண்களுக்கு இருதயச் செயலிழப்பு 2 மடங்குக்கு மேல், பெண்களுக்கு 5 மடங்கு. எங்கட உம்மாமாரை நினைத்து அந்த 5ஐ இன்னொருமுறை வாசியுங்கள்.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெருநாடி வால்வு சுருங்கினால் இடது இதய அறை கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டும். அதன் சுவர் தடிக்கும். அதே சுவரில் சீனி நார்த்தன்மையைக் கூட்டி விறைக்க வைக்கிறது. விறைத்த அறை இலகுவில் விரிந்து நிரம்பாது. அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்பி மூச்சு வாங்கும். சீனியால் நரம்பு பழுதானவருக்கு நெஞ்சு நோவும் தெரியாமல் போகலாம். படியேறக் களைத்தால் "வயசு போயிட்டு" என்று விட்டுவிடுகிறோம். வால்வுப் பிரச்சினை உள்ள சீனிக்காரர் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும், இரண்டு கொப்பியையும் காட்டி.

2002இல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலன் கிரிபியே நெஞ்சைத் திறக்காமலே, இரத்தக்குழாய் வழியாக வால்வு பொருத்தினார். அப்படி வால்வு மாற்றிய, இருதயம் மேலும் பழுதாகும் ஆபத்துள்ள முதியவர்களுக்கு ஸ்பெயினில் டபாக்ளிஃப்ளோசின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் அல்லது இருதயச் செயலிழப்பு மோசமானவர்கள், குளிசை இல்லாதவர்களில் 100க்கு 20 பேர், எடுத்தவர்களில் 15 பேர். அது சீனிக்கென்று வந்த குளிசை. அந்த ஆய்வில் சீனி இல்லாதவர்களும் இருந்தார்கள்.